ஒன்பது காலி வரிகள்

பேனா நன்றாகத்தான் எழுதியது. தேவானந்தம் அதை மூன்று முறை கிறுக்கிப் பார்த்துவிட்டார். ஆனாலும் தொழில் தொடங்குவோர் பதிவேட்டுப் பக்கத்தின் பத்து வரிகளில் ஒன்பது காலியாகவே கிடந்தன.

முதல் வரியில் இருந்தது அவருடைய எழுத்து. ஜூன் மாதம் திறப்பு விழாவன்று, எப்படி நிரப்புவது என்று காட்டுவதற்காக, பெயர் தேவானந்தம், தொழில் சோப்பு என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். இப்போது செப்டம்பர்.

1973-ல் பல்கலைக்கழகம் தாம்பரம் ஸ்டேஷனுக்குக் கிழக்கே ஒரு பழைய சைக்கிள் ஷெட்டில் சுயதொழில் உதவி மையம் ஆரம்பித்தபோது, அவரைத் தற்காலிகப் பொறுப்பாளராகப் போட்டார்கள். 'வேலைக்குக் காத்திராதே, நீயே வேலை கொடு' என்று சுவரில் கொட்டை எழுத்தில் எழுதியதும் அவர்தான்.

வகுப்புக்குக் கூட்டம் குறையவில்லை. எண்ணெயும் காரமும் சேர்ந்தால் ஏன் சோப்பாகிறது, மெழுகுவத்திக்குள் திரி எப்படி நேராக நிற்கிறது என்று அவர் விளக்கினால், கண் இமைக்காமல் கேட்டார்கள். பதிவேட்டைத் திறந்தால் மட்டும் ஒவ்வொருவராக எழுந்து நழுவினார்கள்.

ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் கோளாறு எங்கே என்று பிடிபடும். அதனால் முதல் வாரம் மேசையை வாசலிலிருந்து உள்ளே நகர்த்தினார். அடுத்த வாரம் ஏழு கட்டங்களில் நாலை அடித்து, மூன்றாகக் குறைத்தார். அதற்கடுத்த வாரம், எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்க மைப்பெட்டி வைத்தார். மை காய்ந்துபோனதுதான் மிச்சம்.

"ஒரு பக்கங்கூட நிரம்பலேன்னா கமிட்டிக்கு நான் எதைக் காட்டறது? இழுத்து மூடிடுவாங்க" என்று சொல்லியிருந்தார் மையத்தை மேற்பார்க்கும் பேராசிரியர் வேதசிரோமணி. இன்று நாலு மணிக்கு அவரே வருகிறார். மையம் போனால் தேவானந்தத்தின் சம்பளமும் அதோடு போயிற்று.

மணி மூன்றே முக்கால்.

"பல் வலி இன்னும் போகலையா சார்?" என்றாள் டைப்பிஸ்ட் ஹில்டா. "போன செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டீங்க. இன்னிக்கும் கன்னத்துலேயே கை வச்சிருக்கீங்க."

"பல்லெல்லாம் சரியாப் போச்சும்மா" என்றார். கன்னத்திலிருந்து இறங்கிய கை, சட்டைப் பையை ஒரு முறை தொட்டுவிட்டு மேசைக்கு வந்தது.

பின்பக்கம் செய்முறை வகுப்பு முடிந்து எல்லாரும் எழுந்தபோது அவர் போய்க் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"கையெழுத்துப் போட வேணாம். ஏன் போட மாட்டேங்கறீங்கன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க. உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

ஊரப்பாக்கத்துச் சரசு, முன்னால் நின்ற சவுரிமுத்துவின் முதுகில் இடித்தாள். "சொல்லிடு சவுரிண்ணா. சார் மூஞ்சியப் பாரு, சரியா வேவாத சோப்பு மாரி கீது."

சேலையூர் சவுரிமுத்து எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன். வகுப்பிலேயே நன்றாகச் சோப்பு காய்ச்சுகிறவன். அவன் தலையைச் சொறிந்தான்.

"கையெழுத்துப் போட்டா கார்டு பூடும் சார்."

"எந்தக் கார்டு?"

"எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ் கார்டுதான். கவுருமெண்டு வேலைக்குப் பதிஞ்சுட்டு எட்டு வருசமா காத்துக்கினு கீறேன். இங்க தொழில் பண்றவன்னு எழுதினா, அந்த லிஸ்ட்டு அங்க போவுமாம். பேரை அடிச்சுடுவாங்களாம். அப்பால எட்டு வருச சீனியாரிட்டியும் அம்பேல்!"

சொல்லும்போதே அவன் கை சட்டைப் பைக்குப் போனது. சுற்றி நின்ற பல கைகளும் அதேபோல் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டன.

"யார் கிளப்பிவிட்டது இதை? அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாதுப்பா!"

"உங்களுக்கு இன்னா சார், உத்தியோகத்துல கீறீங்க. சொல்லிட்டுப் போவீங்க. பேரை அடிச்சா பேஜார் எங்களுக்குத்தானே?" என்றாள் சரசு. "அடிக்க மாட்டாங்கன்னு காட்டுங்க, மொத கையெழுத்து நான் போடறேன்."

வெளியே கார் வந்து நின்றது. தேவானந்தம் விலகி மேசைக்குப் போக, ஹில்டா ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். உள்ளே வந்த வேதசிரோமணி காலி வரிகளைப் பார்த்தார். பிறகு, சுவரிலிருந்த வாசகத்தைப் பார்த்தார்.

"என்ன தேவானந்தம், முடிச்சுக்கலாமா?"

தேவானந்தம் பேராசிரியரைப் பார்த்தார். காத்து நின்ற கூட்டத்தைப் பார்த்தார். சுவர்ப்பக்கம் மட்டும் திரும்பவில்லை. மெதுவாகச் சட்டைப் பைக்குள் கையை விட்டு, ஓரம் கிழிந்த ஒரு அட்டையை எடுத்தார். பதிவேட்டின் முதல் வரிக்குப் பக்கத்தில் அதை விரித்து, எல்லாருக்கும் தெரியும்படி திருப்பி வைத்தார்.

"சோப்புத் தொழில்னு நான் இங்க கையெழுத்துப் போட்டது ஜூன்ல. போன செவ்வாய்க்கிழமைதான் என் கார்டைப் புதுப்பிச்சுட்டு வந்தேன், பேரை அடிக்கல."