கலஹாவில் கங்காணியார் வாங்கிய வீடு

ஹேவாஹெட்டைத் தோட்டத்துப் பெரிய கங்காணி ராஜலிங்கம் அவர்கள், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டாம் வருஷத்து ஆவணி மாதமாகிய இன்று காலை ஒன்பது மணி முதல், கலஹாவில் சொந்த வீட்டுக்காரர் ஆகிறார் என்பதை மலைகளும் ஆறுகளும் அவற்றுக்கு இடைப்பட்ட சகல சீவராசிகளும் அறிந்துகொள்ளக் கடவன.

தப்புக்காரர் இருவர் பறையடித்து இதை மூன்று தரம் கூவி ஓய்ந்தார்கள். சகல சீவராசிகளும் அறிந்துகொண்டன, வாசற்படியில் அகப்பையோடு நின்ற ஒரு பெண்பிள்ளையைத் தவிர.

"இது என் வீடுங்க. நான் நகர மாட்டேன்" என்றாள் அவள்.

கங்காணியார் சிரித்தார். முப்பது வருஷமாகக் கூலியாட்கள் குடியிருக்கும் லயத்துக் காம்பராக்களில் இருந்து ஆட்களைக் கிளப்பிப் பழகியவர். காம்பரா தோட்டத்துடையது, வேலை போனால் கூரையும் போகும். ஆனாலும் மூட்டை கட்டுகிற ஒவ்வொருத்தியும் 'என் வீடு' என்றுதான் அழுவாள். இவளுடைய சேலைக்கட்டும் பேச்சும் தோட்டத்துச் சனத்துடையதுதான். ஒரே வித்தியாசம், இவள் அழவில்லை.

வீடு விற்பனைக்கு என்று இங்கிலீஷ் பேப்பரில் வந்ததை தேயிலைத் தொழிற்சாலை டீமேக்கர் வாசித்துச் சொன்ன அன்றே கங்காணியார் முடிவு செய்துவிட்டார். ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாங்கலாமே என்றாராம் மனைவி. சீமையில் உட்கார்ந்திருக்கும் துரைமார் தோட்டத்தைப் பார்த்துவிட்டா வாங்குகிறார்கள் என்று இவர் கேட்டாராம்.

ஆகவே இன்றைக்குத்தான் முதன்முதலாக வாடகைக் காரில் வந்து இறங்கினார். ஓட்டுக் கூரை, நீலக் கதவு, முற்றத்தில் ரோசாச்செடி, எல்லாம் தமது அந்தஸ்துக்குப் பொருந்தியிருக்கக் கண்டார். கண்ணை உறுத்தியது ஒன்றுதான். மேற்குப் பக்கத்திலே கூரை சரிந்து, சுவரில் அரசங்கன்று முளைத்து, ஒரு வீடு கிடந்தது.

"அது எவன் வீடு? ஒரு மாசத்துல இடிச்சு அள்ளச் சொல்லு. நம்ம வீட்டுப் பக்கத்துல நிக்க அதுக்கு என்ன யோக்கியதை?"

கூட வந்தவர்கள் யோக்கியதை இல்லை என்று ஒருமுகமாகத் தலையாட்டினார்கள்.

பால் காய்ச்சும் நேரம் நெருங்கியது. கங்காணியாரின் வலக்கையான கறுப்பையா புதுப் பானையோடு அவளைத் தாண்டி அடுப்படிக்குள் புகுந்தான். அவள் பின்னாலேயே போய் ஒரு குடம் தண்ணீரை அடுப்பில் கவிழ்த்தாள். கறுப்பையா திரும்பி வந்தபோது நெற்றி முதல் முழங்கால் வரை சாம்பல். அதைத் திருநீறு என்று சொல்ல அவனுக்கே மனம் வரவில்லை.

பிறகு அவளுடைய தகரப் பெட்டியைத் தூக்கித் தூறலில் வைத்தான். அவள் தூக்கி உள்ளே வைத்தாள். அவன் மறுபடி வெளியே வைத்தான், அவள் மறுபடி உள்ளே வைத்தாள். மூன்றாம் முறை அவன் குனிவதற்குள் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"ஒன் தோட்டத்துப் பத்துச்சீட்டக் கிழிச்சிருவேன். அப்புறம் எந்தத் தோட்டத்துலயும் ஒனக்குப் பேர் பதிய மாட்டான்" என்றார் கங்காணியார்.

"கிழிங்க. நான் தோட்டத்த விட்டே பதினோரு வருசமாச்சு."

முப்பது வருஷமாகப் பலித்த மிரட்டல் இவளிடம் பலிக்கவில்லை. பத்திரம் எழுதும் கண்டி நொத்தாரிசிடம் கிளாக்கராக இருந்த ஹாஷிமைக் கூடவே கூட்டி வந்தது நல்லதாயிற்று. வீடு வாங்கிய உறுதிப் பத்திரத்தை வாசிக்கச் சொன்னார்.

ஹாஷிம் தொண்டையைச் செருமி, இங்கிலீஷில் இருந்ததைத் தமிழாக்கி வாசித்தார்: "வடக்கே பெரிய ரோட்டு, தெற்கே ஆறு, மேற்கே தேயிலைத் தோட்டம், கிழக்கே அழகம்மாவின் வீடும் வளவும், இந்த நான்கு எல்லைக்கும் உட்பட்ட வீடு, கிணறு, பலா மரம், சகல உரிமைகளும்..."

"இன்னொருக்கா வாசிங்க" என்றாள் அவள்.

சட்டம் அவள் மண்டையில் இறங்கத் தொடங்கிவிட்டது என்று கங்காணியார் மீசையைத் தடவினார். ஹாஷிம் மறுபடி வாசித்தார். ஒவ்வொரு திசைக்கும் அவள் தலையைத் திருப்பித் திருப்பிக் கேட்டாள்.

"அதுல உள்ளபடியே நடந்துக்கங்க. நான் குறுக்க நிக்க மாட்டேன்."

"அப்ப வெளிய போ."

"போக மாட்டேன்."

கங்காணியாரின் தலைப்பாகை அவிழ்ந்து தோளில் விழுந்தது. அதை யாரும் எடுத்துக் கொடுக்கத் துணியவில்லை. பொலிசுக்கு இப்போதே முறைப்பாடு எழுத வேண்டும், பெரிய கங்காணியை எதிர்த்துப் பேசியதையும் அதில் தனிக் குற்றமாகச் சேர்க்க வேண்டும் என்று கத்தினார்.

ஹாஷிம் முழங்காலில் கடதாசியை வைத்து எழுதத் தொடங்கினார். முதல் வரியிலேயே நின்றுவிட்டார். காலையில் இருந்து 'அடியே', 'இவளே' என்றுதான் எல்லோரும் கூப்பிட்டிருந்தார்கள். முறைப்பாட்டில் அப்படி எழுத முடியாது.

"ஒங்கட பேர் என்னம்மா?"

"அழகம்மா."

ஹாஷிமின் பென்சில் கடதாசியிலேயே நின்றது. உறுதியை விரித்துப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார். அப்புறம் மெல்ல மேற்குப் பக்கம் திரும்பினார். கறுப்பையாவும் தப்புக்காரரும் கடைசியாகக் கங்காணியாரும் அந்தப் பக்கமே திரும்பினார்கள்.

அழகம்மா பெட்டியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"இடிக்கச் சொன்னீங்களே, அதாங்க ஒங்க வீடு."