பாட்டில்லாத படம்

“படத்துப் பேர் தெரியா. நடிச்சது ஆரெண்டும் தெரியா. ஆனா கதை முழுக்கத் தெரியும், மகன்” என்றாள் நஸீறா.

யோகேஸ்வரன் சிரித்துக்கொண்டே சீடி ஒன்றைத் துணியால் துடைத்தான். வாழைச்சேனையில் அவனுடைய கடைக்குப் பழைய படம் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான். கதாநாயகி காதில் போட்டிருந்த வளையத்தைச் சொல்வார்கள், யாரோடு போய்ப் பார்த்தோம் என்று சொல்வார்கள், பெயரை மட்டும் சொல்லமாட்டார்கள்.

“எந்தக் காலத்துப் படம், உம்மா?”

“எழுபத்திரண்டு மூண்டு இருக்கும். எனக்குக் கலியாணம் முடிஞ்ச புதுசு. ஆனா நான் பாக்கல்ல. தியேட்டர்ப் பக்கமே நான் போனதில்ல. எங்கட வீட்டுக்காரர் பாத்திட்டு வந்து சொன்ன கதை.”

அவள் கணவர் கச்சி முகம்மது, காத்தான்குடித் தறிகளில் நெய்த சாறன் துணிகளை ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றவர். வீடு திரும்பப் பிந்துகிற நாட்களில், வழியில் மட்டக்களப்பு டவுனில் இறங்கிப் படம் பார்த்ததாகச் சொல்வார். மற்றப் படங்களை ஒரு தரம் சொல்லிவிட்டு மறந்துபோகிற மனிதர், இந்த ஒன்றை மட்டும் தலை நரைத்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார். சுனாமி அன்று காலையில் கடற்கரைப் பக்கம் போனவர் திரும்பி வரவில்லை.

பிள்ளைகள் இல்லை. வீட்டில் இருந்த போட்டோக்களையும் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. நாட்டில் சண்டை முடிந்து, றோட்டில் மறிப்புகள் குறைந்த பிறகுதான் தனியாகப் பஸ் ஏறும் துணிவு அவளுக்கு வந்தது. டவுன் கடைகளில் கேட்டாள். பழைய படமென்றால் வாழைச்சேனைக்குப் போங்கள் என்றார்கள்.

“அந்தப் படத்தப் போட்டுட்டுக் கண்ண மூடிட்டு இருந்தா, அவர் பக்கத்தில இருந்து சொல்ற மாதிரி இருக்கும் மகன். இப்ப வீட்டில ஒரு பேச்சுக் குரல் இல்ல.”

யோகேஸ்வரன் ஸ்டூலை இழுத்துப் போட்டான். “இரிங்க உம்மா. கல்குடாவில எங்கட வீடும் சுனாமியிலதான் போச்சு. இப்ப நானும் அம்மாவும் இஞ்சதான் இருக்கம். ஏதாச்சும் ஒரு பாட்டுச் சொல்லுங்க. பாட்ட வச்சுக் கண்டுபிடிச்சிரலாம்.”

“இந்தப் படத்தில பாட்டே இல்லையாம்.”

“அந்தக் காலத்தில பாட்டில்லாத தமிழ்ப் படமா? சரி, கதையச் சொல்லுங்க.”

அவள் கணவரின் குரலிலேயே சொல்லத் தொடங்கினாள்.

“ஒருத்தன் பாத்திரம் விக்கிறவன். கடற்கரை ஊர் ஒண்டில போகக்குள்ள மழை பிடிச்சிரும். ஒரு வீட்டில ஒதுங்குவான். அந்த வீட்டுப் பொண்ணு ஓடி வந்து, அவன் நனையிறதப் பாக்காம, அவன்ட மூட்டையத்தான் முதல்ல உள்ளுக்குத் தூக்கிட்டுப் போவாள்.”

“பாத்திரம் நனைஞ்சா என்ன?”

“நானும் அதத்தான் கேட்டன். படமெண்டா அப்பிடித்தான் எண்டிட்டார்.”

யோகேஸ்வரன் துடைப்பதை நிறுத்தினான். “அந்த மூட்டைய, சுருட்டி வச்ச வலைக்கு மேல வைப்பா. என்ன?”

நஸீறாவின் முகம் மலர்ந்தது. “ஓம், ஓம். அப்ப நீங்க பாத்திருக்கீங்க.”

“பாக்கல்ல. கேட்டிருக்கன்.”

ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சியை அவன் எட்டி நிறுத்தினான். “மிச்சத்தையும் சொல்லுங்க.”

“பிறகு அவன் அடிக்கடி அந்தப் பக்கம் போவான். அவளைக் கலியாணம் முடிக்கிறதாச் சொல்லுவான். ஆனா அவனுக்கு ஊரில பொஞ்சாதி இருக்கு. அந்தப் பொஞ்சாதிய மட்டும் படத்தில ஒரு இடத்திலயும் காட்டல்லயாம்.” அவள் லேசாகச் சிரித்தாள். “ஒருநாள் பயந்துபோய், சொல்லாமக் கொள்ளாமப் போறத நிப்பாட்டிருவான்.”

“பிறகு?”

“அடுத்த மாரிக்கு மனசு கேக்காமத் திரும்பவும் போவான். ஒழுங்கையில நிண்டு பாத்தா, அவள் கைக்குழந்தையோட வாசலில நிப்பாள். ஆரையோ கலியாணம் முடிச்சு நல்லா இருக்கிறாள் எண்டு நினைச்சு, அவளோட பேசாமலே நிம்மதியாத் திரும்பிருவான். அதோட படம் முடிஞ்சிரும்.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அந்த இடத்தச் சொல்லக்குள்ள எங்கட வீட்டுக்காரருக்குக் கண் கலங்கிரும். நல்ல முடிவுதானே, ஏன் அழுறீங்க எண்டு கேப்பன். எழும்பி வெளியில போயிருவார்.”

யோகேஸ்வரன் மேசையைச் சுற்றி வந்து அவளுக்கு முன்னால் குந்தி, அவள் முகத்தைப் பார்த்தான்.

“முடிவு பிழை, உம்மா.”

“ஏன் மகன், நீங்க கேட்டதில வேற மாதிரியா?”

“எங்கட அம்மா வேற ஆரையும் கலியாணம் முடிக்கல்ல.”