சத்தம் வராத அழுகை

ஒரு பச்சைக்குழந்தையை நான் அழவைத்த அழுகையில் கிளேபாங் கடல் அரை மைல் பின்வாங்கியது. இன்றைக்கும் முழுசாகத் திரும்பவில்லை. நம்பாவிட்டால் பாருங்கள்: மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம், காஜா பெராங் கிளினிக், உச்சி வெயில் ஜன்னல் கம்பிகளை மேசைமேல் கோடு கோடாகப் போட்டிருக்கிறது. அஞ்சலையின் மடியில் அவளுடைய மூன்று மாதப் பையன். வாய் திறக்கிறது, முகம் கன்றுகிறது, சத்தம் மட்டும் வரவில்லை. உதடு நீலம். பிள்ளை பெற்ற நாளிலிருந்து அஞ்சலைக்குப் பத்தியம்: தவிட்டோடு சத்தும் போகத் தீட்டிய பச்சரிசிச் சோறு, மிளகுத் தண்ணி. நர்ஸ் வேலைக்கு நடுவே நான் எழுதிவரும் நோட்டில் இதே பத்தியம் இருந்த ஆறு தாய்மார், குரல் போன ஆறு குழந்தைகள். அதில் இரண்டு இன்று உயிரோடு இல்லை. இவனுக்கு வைட்டமின் ஊசி போட்டு இரண்டு மணி நேரமாகிறது. “சோத்தால குரல் போகுமா? நோட்டுல கதை எழுதுறீங்க லா, மிஸ்ஸி” என்கிறார் கட்டுப்போட்டு மருந்து கொடுக்கும் டிரெசர் மாணிக்கவாசகம். ஆனாலும் அவர் விரல் குழந்தையின் நாடியை விடவில்லை. மின்விசிறி கிறீச்சிடுகிறது. எழுந்து அதை நிறுத்துகிறேன். அஞ்சலை மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிகிறாள். பையன் வாயைத் திறக்கிறான். முதலில் ஒரு கீச்சு. பிறகு, ஐயோ, கூரை ஓடெல்லாம் எழுந்து நிற்கிறது! மாணிக்கவாசகம் காதைப் பொத்திக்கொண்டு கத்துகிறார்: “எழுதுங்க மிஸ்ஸி, மணி பன்னெண்டு அஞ்சு. அழுதான். கேட்டது நான்னு என் பேரையும் போடுங்க!”