கணையத்தை எழுப்பிய மாத்திரை

பவளக்கொடி தினமும் காலையில் விழுங்கும் சர்க்கரை மாத்திரை, மெல்லக் கரைந்து மிதந்து போய், தூங்கி வழியும் கணையத்தைத் தட்டி எழுப்பும். "அண்ணே, கொஞ்சம் இன்சுலின் கொடுங்க."

கணையம் கொடுக்கும். ரத்தத்தில் ஏறிய சர்க்கரை இறங்கும்.

ஒருநாள் அவள் விரதம். மாத்திரையை மட்டும் விழுங்கினாள்.

"இன்னைக்குச் சோறே வரலையே தம்பி, போதும்" என்றது கணையம்.

"எனக்கு எழுப்பத்தான் தெரியும், அண்ணே."

மாத்திரை தட்டிக்கொண்டே இருந்தது. கணையம் மறுக்க முடியாமல் கொடுத்தது.

பவளக்கொடிக்குக் கை நடுங்கி, வியர்த்து, கண் இருட்டியது. பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து சர்க்கரைத் தண்ணீர் குடிக்கக் கொடுத்தாள். வெதுவெதுப்பான வெள்ளம்போல் இனிப்பு உள்ளே பரவியது.

"பிழைச்சா" என்று பெருமூச்சு விட்டது கணையம்.

"அப்போ இன்னும் கொஞ்சம் கொடுங்க, அண்ணே" என்றது மாத்திரை.