ஆற அமரப் பார்த்த ஊர்

"அந்தப் போனை இப்படிக் கொடு" என்று மாமியார் கையை நீட்டினாள். படகு இன்னும் துறையை விட்டுக் கிளம்பவில்லை. மருமகள் தயங்கியதும், பிடுங்காத குறையாக வாங்கி, சுவிட்ச் ஆஃப் செய்து, தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"அவரு கூப்பிடுவாரு அத்தை."

"கூப்பிடட்டும். ஊரைக் காட்டுன்னா பாதி நேரத்தைப் போன்லயே ஓட்டிடுவ. உன்னைத் தெரியாதா எனக்கு?"

கல்யாணமாகி மூன்று வருஷத்தில் மாமியார் இந்த வீட்டுக்கு வந்தது இதுவே முதல் தடவை. முந்தாநாள் தன் தம்பியோடு வந்து இறங்கியவள், வீடு தன் பெயரில் இருக்கிறது என்பதை அதற்குள் நான்கு முறை சொல்லிவிட்டாள். முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்தவள். மகன் வீட்டையும் வார்டைச் சுற்றிப் பார்ப்பது போலத்தான் அறை அறையாகப் பார்த்தாள்.

இன்று காலை மகன் துறைமுக அலுவலகத்துக்குக் கிளம்பிய கையோடு, "நீ வேலை பார்க்கிற கண்ணாடிக் கடைக்கு லீவு சொல்லு. எனக்குக் கடலைக் காட்டு" என்று உத்தரவு வந்தது. தம்பி மட்டும் முதுகுவலி என்று வீட்டிலேயே தங்கிவிட்டார்.

படகு துறைமுகத்தை ஒரு சுற்று சுற்றியது. "இதுக்கா இத்தனை ஜனம் வருது? தண்ணி. அதைத் தாண்டினா மறுபடியும் தண்ணி" என்றாள் மாமியார். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மருமகளுக்குக் காது சுட்டது.

கலங்கரை விளக்கத்தின் சுருள் படியில் ஏறும்போது கம்பியைப் பிடித்த மருமகளின் முழுக்கைச் சட்டையின் கை மேலே ஏறியது. மணிக்கட்டுக்கு மேலே கன்றிப் போயிருந்தது. அவள் அவசரமாக இழுத்து மூடினாள்.

"என்ன அது?"

"அலமாரிக் கதவு இடிச்சிடுச்சு அத்தை."

மாமியார் இரண்டு படி ஏறிவிட்டு நின்றாள். "ஒரு கதவைத் திறக்கத் தெரியல. இந்த லட்சணத்துல குடும்பம் வேற."

மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டாள். உச்சிக்குப் போனபோது கீழே ஊரும் கடலும் விரிந்து கிடந்தன. அவள் மனதில் எதுவும் ஏறவில்லை.

அடுத்தது கடல் அருங்காட்சியகம். திமிங்கிலத்தின் எலும்புக்கூடு கூரையிலிருந்து தொங்கியது. மாமியார் சங்குக்கும் சிப்பிக்கும் பக்கத்தில் ஒட்டியிருந்த சீட்டுகளை ஒன்று விடாமல் படித்தாள். பரீட்சைக்குப் படிக்கிறவள்கூட அத்தனை நிதானமாகப் படிக்க மாட்டாள். சுவர்க் கடிகாரம் மூன்றரையைத் தாண்டியது.

"போலாமா அத்தை? நாலரைக்கு அவரு வந்துடுவாரு. உங்க தம்பி இருந்தாலும் கதவை நான்தான் திறக்கணும்."

"ஏன், அவனுக்குக் கை இல்லையா?"

கை இருப்பதுதான் பிரச்சினை என்று அவனைப் பெற்றவளிடம் எப்படிச் சொல்வது?

"எனக்கு இன்னும் கரையோரம் நடக்கணும். உனக்கு அவசரம்னா பஸ் ஏறு. போன் என்கிட்டதான் இருக்கும்" என்று மாமியார் முன்னால் நடந்தாள். வழி தெரியாத ஊரில் வயதானவளைத் தனியே விட முடியாமல் மருமகள் பின்னால் போனாள். நேரம் கழித்துப் போனால் இன்று இரவு எப்படி இருக்கும் என்று நினைத்தபடியே சட்டைக் கையை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

கடற்கரை நடைபாதையில் ஒரு சிமென்ட் பெஞ்சைப் பிடித்து உட்கார்ந்த மாமியார், தண்ணீர் பாட்டில் வாங்கி வரச் சொல்லி விரட்டினாள். வாங்கிக்கொண்டு திரும்பிய மருமகள் பெஞ்சுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டாள். மாமியார் தன் போனில் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, பூட்டை மாத்தியாச்சா? துணிமணி எல்லாம்? ரெண்டு பெட்டியா, சரி, வாசல்லயே இருக்கட்டும். எவ்வளவு கெஞ்சினாலும் திறக்காத. வீடு என் பேர்ல இருக்குன்னு சொல்லு."

மருமகளின் கையிலிருந்து பாட்டில் நழுவி உருண்டது. மூன்று வருஷமாக அடக்கி வைத்ததெல்லாம் தொண்டைக்கு வந்தது.

"இதுக்குத்தான் ஊர் சுத்திக் காட்டச் சொன்னீங்களா? காலையிலேர்ந்து போனைப் பிடுங்கி வெச்சுக்கிட்டு, இங்க அங்கன்னு இழுத்தடிச்சு, என்னை என் வீட்டுக்கு வெளியில நிக்க வெச்சுட்டீங்களே. நீங்க ஒரு மனுஷியா?"

நடந்து போனவர்கள் நின்று பார்த்தார்கள். மாமியார் திரும்பவில்லை. அலையைப் பார்த்தபடியே இருந்தாள். அவள் தோள்பட்டை மட்டும் ஒரு முறை குலுங்கி நின்றது.

"முன்னாடியே சொல்லியிருந்தா, பாவம்னு நீயே அவனுக்குப் போன் பண்ணியிருப்ப" என்றாள். "வந்த அன்னிக்கே உன் கையைப் பார்த்துட்டேன். உன் சாமான் ஒண்ணையும் யாரும் தொடல. வெளியில நிக்கிறது என் பையன்."