ஒரு நம்பருக்கு ஒரு நாய்

தொலைந்த நாய்களை வைத்துக் காக்கும் காப்பகத்திலிருந்து போன் வந்தது. என் நாய் கிடைத்துவிட்டதாம். தொலைந்தால்தானே கிடைப்பதற்கு? அது என் கட்டிலுக்கடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று கிளம்பினேன்.

கூண்டுக்குள் என் நாயேதான் நின்றது. அதே கிழிந்த இடது காது. என்னைப் பார்த்ததும் அழுதது. குமாஸ்தா அதன் கழுத்தில் கருவியை வைத்தார். தோலுக்கடியில் இருந்த அடையாளச் சிப்பின் நம்பரும் என் பெயரைத்தான் காட்டியது.

"நாலு நாளா சாப்பிடவே இல்ல சார். இப்படியா அவுத்து விடுவீங்க?"

"யோவ், என் நாய் வீட்ல இருக்குய்யா!"

"ஒரு நம்பருக்கு ஒரு நாய்தான் சார். கையெழுத்து போடுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மேஜைப் போனிலிருந்தே வீட்டுக்கு அடித்தேன். மனைவி எடுத்தாள்.

"நம்ம நாய் இருக்கான்னு பாரு!"

"இருக்கே. எங்க வீட்டுக்காரர் மடியில தூங்குது. நீங்க யாரு?"

"யாரா? உன் புருஷன்டி!"

அவள் போனை யாரிடமோ கொடுத்தாள்.

"மன்னிக்கணும், ராங் நம்பருங்க" என்றது என் குரல்.

அநியாயம். என் ஆயுளில் நான் யாரிடமும் அவ்வளவு மரியாதையாகப் பேசியதே இல்லை.