தூணில் எழுதிய தேதி

குடிநீர்த் தொட்டியின் தூணில், ‘சுத்தம் செய்த நாள்’ என்பதன்கீழ் பழைய தேதியை அழித்துப் புதுத் தேதியை எழுதினார் பொன்னுரங்கம். தொட்டியைக் கழுவப் பேரூராட்சி வைத்திருக்கும் ஆள் அவர். இந்த மாதமும் மேலே ஏறவில்லை. முழங்கால் வலி என்று ஒரு சாக்கு இருந்தது.

பெயிண்ட் டப்பாவோடு திரும்பியவரை எதிர்வீட்டுத் தவமணி கூப்பிட்டாள். அவள் தோளில் பிள்ளை துவண்டு கிடந்தது.

“வாந்தி பேதி நிக்கல அண்ணே. தண்ணியக் கொதிக்கவச்சுக் குடுன்னாங்க நர்சம்மா. நீங்கதான் மாசாமாசம் தேதி போடுறீங்களே, கழுவின தொட்டித் தண்ணிக்கு அது எதுக்குன்னு அப்படியே குடுத்துட்டு வாரேன்.”

வெயிலில் நின்றவருக்கும் அதே தண்ணீரில் ஒரு சொம்பு கொண்டுவந்து நீட்டினாள். அவர் வாங்கியதும் அதில் நீலப் பெயிண்ட் விரல்கள் பதிந்தன. கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தார்.

“இன்னொரு சொம்பு குடு தாயி” என்றார்.